தொண்ணூற்றொன்பதுக்கும் நூற்றுக்கும் நடுவே

இரண்டு சோலார் பேனல்கள், ஒவ்வொன்றும் 550 வாட். பேனலைத் திருப்பினால் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் ‘வி.ஓ.சி.’ என்பதற்கு நேராக 49.5 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறது. இரண்டையும் தொடர் இணைப்பில் கோத்தால் 99 வோல்ட். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைப்பதற்காக வாங்கிய சார்ஜ் கண்ட்ரோலரின் பெட்டியில் உச்சவரம்பு 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 99 நூற்றுக்குள் அடங்குகிறது. இணைத்துவிடலாமா?

கூடாது. அந்த ஒரு வோல்ட் இடைவெளியில் சிலிக்கானின் இயல்பும், மழை விட்டதும் பளீரென்று அடிக்கும் வெயிலும், பேனல் செய்த ஆலையின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து நிற்கின்றன. அவை ஒவ்வொன்றையும் பார்த்தால்தான் ஏன் கூடாது என்பது விளங்கும்.

2012இல் தமிழ்நாட்டை வாட்டிய நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வீடு வீடாக இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்து சேர்ந்தன. அப்படி வந்த இன்வெர்ட்டரோடு மொட்டைமாடியில் இரண்டு பேனலைச் சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்று பலர். இதற்கிடையில் பேனல்கள் பெரிதாகிவிட்டன. கண்ட்ரோலர்களின் வரம்புகளோ 75, 100, 150, 250 என்ற பழைய படிகளிலேயே நிற்கின்றன. ஐம்பதுக்கு அரை வோல்ட் குறைந்த இன்றைய பேனல் இந்தப் படிகளோடு மிக மோசமாகப் பொருந்துகிறது. 2 பேனல் 99, 3 பேனல் 148.5, 5 பேனல் 247.5 என்று ஒவ்வொரு முறையும் வரம்புக்கு ஒன்றிரண்டு வோல்ட் கீழே வந்து நின்று, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். மின்வாரியக் கம்பியோடு இணையும் பெரிய இன்வெர்ட்டர்களிலும் இதே கதைதான். 1000 வோல்ட் வரம்புக்கு 20 பேனல் கோத்தால் 990.

முதலில் இந்த 49.5 எங்கிருந்து வருகிறது?

சிலிக்கானுக்குள் ஓர் எலக்ட்ரானை அது கட்டுண்டிருக்கும் இடத்திலிருந்து விடுவிக்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எந்த நிறமும் அதைவிடக் கூடுதல் ஆற்றலோடுதான் வருகிறது. அப்படியானால் ஒரு செல்லிலிருந்து 1.12 வோல்ட் கிடைக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் இன்றைய நல்ல செல்லில் கிடைப்பது 0.69 வோல்ட்தான். விடுபட்ட எலக்ட்ரான்கள் வெளியே போக வழியில்லாதபோது உள்ளேயே திரும்பி விழுந்துவிடுகின்றன என்பதே காரணம்.

அடியில் விரிசல் விட்ட ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். குழாயைத் திறந்துவிட்டால் நீர்மட்டம் ஏறும். ஏற ஏறக் கசிவும் கூடும். உள்ளே வரும் நீரும் கசிந்து போகும் நீரும் சமமாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும். எதனோடும் இணைக்காத சூரிய செல்லின் மின்னழுத்தம் இந்த மட்டத்தைப் போன்றது. ஒளி எலக்ட்ரான்களைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அவை திரும்பி விழுந்துகொண்டே இருக்கின்றன. இரண்டும் சமமாகும் புள்ளிதான் திறந்த சுற்று மின்னழுத்தம். பேனலின் தாளில் வி.ஓ.சி. என்று இருப்பது இதுதான்.

ஆனால் தொட்டியின் கசிவு மெதுவாகக் கூடும். செல்லின் கசிவு மின்னழுத்தத்தோடு அடுக்குமுறையில் பெருகும். மின்னழுத்தம் சுமார் 60 மில்லி வோல்ட் ஏறினாலே கசிவு பத்து மடங்காகிவிடுகிறது. இதையே மறுபக்கமிருந்து பார்த்தால், ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஒரு செல்லின் மின்னழுத்தம் 60 மில்லி வோல்ட்தான் இறங்கும். நம் 550 வாட் பேனலில் 144 அரைச் செல்கள் இருந்தாலும் அவை இரண்டு அணிகளாகப் பக்க இணைப்பில் நிற்கின்றன. எனவே தொடராக இருப்பவை 72. மொத்தத்தில் குறைவது 4 வோல்ட் சொச்சம். நண்பகலில் 49.5 காட்டும் பேனல், ஒளி பத்தில் ஒன்றாக இருக்கும் மந்தமான காலையிலும் 45 காட்டும். மின்னோட்டம் மட்டும் பத்தில் ஒன்றுதான் கிடைக்கும்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, ‘வோல்ட்டேஜ் முழுசா வருது, ஆனா பேட்டரி ஏறல’ என்று குழம்புகிறவர்கள் சிக்குவது இங்கேதான். மின்னழுத்தம் வெளிச்சம் இருப்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு வெளிச்சம் என்பதை மின்னோட்டம்தான் சொல்லும்.

அடுத்தது வெப்பம். செல் சூடாகும்போது கசியும் விரிசல் அகலமாகிறது, எலக்ட்ரான்கள் திரும்பி விழுவது எளிதாகிறது, மட்டம் தாழ்கிறது. குளிர்ந்தால் விரிசல் இறுகி மட்டம் உயர்கிறது. ஒரு சிலிக்கான் செல்லுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லி வோல்ட். பேனலின் விவரத் தாளில் இது சதவீதமாக இருக்கும். நம் பேனலுக்கு ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பாலிகிரிஸ்டல் பேனல்களில் இது இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்கும். வெயில் என்றால் வெப்பம், வெப்பம் என்றால் கூடுதல் மின்சாரம் என்று நம்மூர் அனுபவம் நம்மைப் பழக்கியிருக்கிறது. பேனலுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை.

தாளில் அச்சான 49.5 என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு சோதனை நிலையில் எடுத்த அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி. ஆலையில் விளக்கு ஒரு கணம் மின்னும். செல் சூடாவதற்குள் அளவை எடுத்துவிடுவார்கள். எந்த ஊரின் கூரையையும் அது குறிப்பதில்லை.

இப்போது கண்ட்ரோலரின் பக்கம் வருவோம். பேனல் தருவதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் எம்.பி.பி.டி. வகைக் கண்ட்ரோலரின் வேலை. உள்ளே மாஸ்ஃபெட் எனப்படும் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, கூடுதல் மின்னழுத்தமும் குறைந்த மின்னோட்டமுமாக வருவதைக் குறைந்த மின்னழுத்தமும் கூடுதல் மின்னோட்டமுமாக மாற்றுகின்றன. பேனல் எந்த மின்னழுத்தத்தில் மிகுந்த திறனைத் தருகிறதோ அந்தப் புள்ளியை ஓயாமல் தேடிப் பிடித்து அங்கேயே பேனலை நிறுத்தி வைப்பதும் அதன் வேலை. நம் பேனலுக்கு அந்தப் புள்ளி 41.5 வோல்ட் அளவில் இருக்கும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: மின்னோட்டத்தைக் கண்ட்ரோலர் எடுத்துக்கொள்கிறது, மின்னழுத்தத்தைப் பேனல் திணிக்கிறது. 30 ஆம்பியர் கண்ட்ரோலரில் 40 ஆம்பியர் தரக்கூடிய பேனல்களை இணைத்தால், அது 30ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். உச்சி வேளையில் கொஞ்சம் மின்சாரம் வீணாகும், அவ்வளவுதான். மேகமூட்டமான நாள்களை மனத்தில் வைத்து வேண்டுமென்றே பேனலைக் கூட்டிப் போடுகிறவர்களும் உண்டு. நல்ல பழக்கம் என்பேன். ஆனால் 100 வோல்ட் கண்ட்ரோலரின் முனைகளில் 105 வோல்ட் வந்து நின்றால், மீதி ஐந்தை வேண்டாம் என்று தள்ளிவிட அதற்கு வழி கிடையாது. சுவிட்சுகளை எல்லாம் அணைத்துக்கொண்டாலும் அந்த மின்னழுத்தம் அணைந்த சுவிட்சின் குறுக்கேதான் நிற்கும்.

பேட்டரியோடு பழகிய நம் உள்ளுணர்வு இங்கே உதவாது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்தால் தீப்பிடிக்கும்; சும்மா விட்டுவைத்தால் ஒன்றும் ஆகாது. பேனல் நேர்மாறு. அதன் இரண்டு முனைகளையும் நேராக இணைத்துக் குறுக்குச் சுற்றாக்கினால் 14 ஆம்பியர் ஓடும். வேலை செய்யும்போது ஓடுவது 13 ஆம்பியர். வித்தியாசம் ஒன்றுதான். பேனலுக்கு ஒரு கெடுதியும் இல்லை. சும்மா விட்டுவைக்கும்போதுதான் அதன் மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகிறது.

எப்போது அப்படிச் சும்மா இருக்கும்? பேட்டரி நிரம்பிவிட்ட பிறகு. கண்ட்ரோலர் மின்னோட்டம் எடுப்பதை நிறுத்துகிறது. 83 வோல்ட்டில் வேலை செய்துகொண்டிருந்த இரு பேனல் வரிசை 99ஐ நோக்கி ஏறுகிறது. லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று சட்டென்று துண்டித்துக்கொண்டாலும் அதே நிலைதான். காலியான பேட்டரியோடு மத்தியானம் இணைத்து, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லையே என்று திருப்தியடைவது போதாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

வரம்பு மீறினால் என்ன ஆகும்? மாஸ்ஃபெட்டுக்குள் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு சிலிக்கான் அடுக்கு. அதற்குள் மின்புலம் ஓர் அளவைத் தாண்டினால், ஓடும் எலக்ட்ரான் ஒன்று மோதி இன்னொன்றை விடுவிக்கும். அவை இரண்டும் மோதி மேலும் இரண்டை விடுவிக்கும். மில்லி நொடிகூட ஆகாமல் அடுக்கு உடைந்து போகும். உடைந்த மாஸ்ஃபெட் பெரும்பாலும் திறந்த சுவிட்சாக மாறுவதில்லை. உருகி ஒட்டிக்கொண்ட கம்பியாக மாறுகிறது. அப்போது நடுவில் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் பேனல் நேரே பேட்டரியோடு இணைந்துவிடும். ஈய அமில பேட்டரி கொதித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். சில ஆயிரம் ரூபாய்க் கண்ட்ரோலர் போனதோடு நிற்காது, அதைவிட விலை கூடிய பேட்டரியும் சேர்ந்து போகலாம். வரம்பை மீறியதால் வந்த சேதத்துக்கு உத்தரவாதமும் செல்லாது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊரின் மிகக் குளிர்ந்த வெப்பநிலையை எடுத்துக்கொண்டு, 25க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை 0.27ஆல் பெருக்கினால் எத்தனை சதவீதம் ஏறும் என்று வந்துவிடும். குறைந்தபட்சம் 20 டிகிரி இருக்கும் கடலோர ஊரில் 99 என்பது 100.3. மார்கழி விடியலில் 15 டிகிரிக்கு இறங்கும் ஊரில் 101.7. டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும் உதகையில் 0 டிகிரிக்குக் கணக்கிட்டால் 105.7. குளிர்காலத்தில் உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போகக்கூடிய லடாக்கின் லே நகரத்தில் 111. அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு, கணக்குப் போடவும் தேவையில்லாமல் ஓர் அட்டவணையே தந்திருக்கிறது. 20 முதல் 24 டிகிரி வரை 1.02ஆல் பெருக்க வேண்டும். 0 முதல் 4 வரை 1.10, உறைநிலைக்குக் கீழே 16 முதல் 20 வரை 1.18. அதன்படி பார்த்தால் மிதமான கடலோர ஊரிலும் நம் 99 என்பது 101.

கூர்ந்து படிக்கும் வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். விடியற்காலை குளிராக இருக்கும், ஆனால் அப்போது வெளிச்சம் குறைவு. வெளிச்சம் முழுதாக வரும்போது பேனல் சூடாகிவிட்டிருக்கும். குளிரும் முழு வெளிச்சமும் எப்போது சேர்ந்து வரும்?

கேள்வி நியாயமானது. அமைதியான நாளில் படிப்படியாக ஏறும் வெயிலை வைத்துக் கணக்குப் போட்டால், நம் பேனல் 49.5ஐத் தாண்டுவதற்குக் காற்று உறைநிலைக்கே வந்திருக்க வேண்டும். சமவெளியில் அது நடக்காது. ஆனால் வெயில் எப்போதும் படிப்படியாக வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துப் பாருங்கள். மழை நனைத்துப் பேனலை 23 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டது. மேகம் சட்டென்று விலகுகிறது. மேகத்தின் விளிம்பிலிருந்து சிதறும் ஒளியும் நேர் வெயிலோடு சேர்ந்துகொள்வதால், சில நிமிடங்களுக்குச் சதுர மீட்டருக்கு 1000ஐத் தாண்டி 1200 வாட் வரைகூட வரும். பேனல் சூடாக இன்னும் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவேளையில் ஒரு பேனலின் மின்னழுத்தம் 50ஐத் தொட்டுவிடும். இரண்டுக்கு நூறு.

இதோடு ஆலையின் ஏற்ற இறக்கத்தையும் சேர்க்க வேண்டும். பல பேனல்களின் விவரத் தாளில் கீழே சிறிய எழுத்தில், மின்னழுத்த அளவில் 3 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று எழுதியிருக்கும். 99இல் 3 சதவீதம் என்றால் 3 வோல்ட். நீங்கள் நம்பியிருந்த இடைவெளியைப் போல மூன்று மடங்கு, பேனல் இன்னும் வெயிலையே பார்ப்பதற்கு முன்பே.

மலைப்பகுதியில் நிலைமை வேறு. லேயில் காற்று மெல்லியது. 3500 மீட்டர் உயரத்தில் வெயில் சமவெளியைவிடக் கடுமை. பனியிலிருந்து திரும்பும் ஒளியும் உண்டு. காற்று வீசினால் பேனல் சூடாகவே மாட்டாது. அங்கே வரம்பு மீறல் ஓர் எச்சரிக்கைக் கணக்காக மட்டும் நிற்காது, குளிர்காலத்தில் உண்மையிலேயே நடக்கும்.

குளிரும் முழு ஒளியும் ஒரே கணத்தில் சேரும் முழுமையான இடம் விண்வெளி. பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் நிழலுக்குள் போய் வருகிறது. நிழலில் அதன் பேனல்கள் உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்துவிடும். வெளியே வரும்போது சில நொடிகளில் முழு வெயில். அப்போது எழும் மின்னழுத்தம் வழக்கமானதைவிட மிக அதிகம். செயற்கைக்கோள் மின்சுற்றை வடிவமைப்பவர்கள் இந்தக் கணத்தைத் தாங்குவதற்கென்றே பாகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முறை இந்த விடியலைச் சந்திக்கிறது. அதன் பேனல்களின் மின்னழுத்தத்தை 160 வோல்ட்டில் நிறுத்தி வைக்கும் கருவி, தேவைக்கு மேலிருக்கும் செல் வரிசைகளை வேண்டிய அளவு குறுக்குச் சுற்றாக்கிவிடுகிறது. பேனலைக் குறுக்குச் சுற்றாக்கினால் அதற்குக் கெடுதி இல்லை என்று மேலே பார்த்த இயல்பையே அங்கே காவலாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிக அழகாகப் படுகிறது.

கண்ட்ரோலர் செய்பவர்களுக்கும் இது தெரியாமலில்லை. ஈபிஎவர் நிறுவனத்தின் ட்ரேசர் வரிசையில் வரும் 100 வோல்ட் கண்ட்ரோலர்களின் கையேட்டைப் பிரித்தால், மிகக் குறைந்த வெப்பநிலையில் 100 வோல்ட், 25 டிகிரியில் 92 வோல்ட் என்று இரண்டு எண்கள் இருக்கும். தாளில் இருக்கும் வி.ஓ.சி.யோடு ஒப்பிட வேண்டியது இந்த 92ஐத்தான். பெட்டியின் மேல் பெரிதாக இருப்பதோ 100. அமெரிக்காவின் மிட்நைட் சோலார் நிறுவனம் தன் கிளாசிக் கண்ட்ரோலர்களில் வேறொரு வழி செய்திருக்கிறது. 150 வோல்ட் வரம்பைத் தாண்டினால் கண்ட்ரோலர் வேலையை நிறுத்தித் தூங்கிவிடும்; பேட்டரியின் மின்னழுத்தத்தையும் சேர்த்து வரும் தொகை வரைக்கும் சேதமில்லாமல் தாங்கும். மின்னழுத்தம் இறங்கியதும் தானாக எழுந்துகொள்ளும். எல்லோரும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு என்று நினைக்கிறேன். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கண்ட்ரோலர்களில் இது இல்லை.

மேல் வரம்புக்கு அஞ்சி மிகவும் கீழே இறங்கிவிட்டாலும் தொல்லைதான். அங்கே காவல் நிற்பது வெப்பம்.

கோடை நண்பகலில் காற்று 38 டிகிரி இருக்கும்போது பேனலின் செல்கள் 70 டிகிரியை ஒட்டிப் போய்விடும். 12 வோல்ட் பேட்டரிக்கென்று செய்த பேனல்களில் 36 செல்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். 36 செல்கள் சோதனைச் சாலையில் உச்சத் திறனில் 18 வோல்ட் தரும். 12 வோல்ட் பேட்டரிக்கு 18 எதற்கு என்று தோன்றும். ஆனால் 70 டிகிரியில் அந்த 18 என்பது 14.7 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஈய அமில பேட்டரியை முழுதாக ஏற்ற 14.4 வேண்டும். கம்பியில் இழப்பதற்கு மிச்சமிருப்பது 0.3 வோல்ட். கண்ட்ரோலரே இல்லாமல் பேட்டரி நிரம்பியதும் தானாக நின்றுவிடும் என்ற எண்ணத்தில் 30 செல் பேனல்களும் ஒரு காலத்தில் விற்றன. வெப்பமான ஊர்களில் அவற்றால் பேட்டரியை நிரப்பவே முடியவில்லை.

அதே பிழை இன்று வேறு உருவில் நடக்கிறது. 60 செல் பேனல் ஒன்றை எடுத்து 24 வோல்ட் பேட்டரிக்கு இணைக்கிறார்கள். தாளில் 31 வோல்ட் இருக்கிறது, 24ஐ விட அதிகம்தானே என்ற நம்பிக்கை. கோடையில் அந்த 31 சுருங்கி 25 ஆகும். பேட்டரியை முழுதாக ஏற்ற வேண்டியது 28.8. தை மாதம் நன்றாக ஏறிய பேட்டரி சித்திரையில் அரைகுறையாகவே நிற்கும். அரைகுறையாக நிற்கும் ஈய அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, பேட்டரி ஆயுள் முடியுமுன்பே செத்துப் போகும். பேனலைக் குறை சொல்வார்கள், பேட்டரி விற்றவரைக் குறை சொல்வார்கள். குற்றம் அந்த 31க்கும் 25க்கும் இடையில் இருக்கிறது. எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் வைத்தாலும் இது சரியாகாது. பெரும்பாலானவை இறக்கித்தான் தரும், ஏற்றித் தராது. விக்ட்ரான் நிறுவனத்தின் கண்ட்ரோலர்கள் வேலையைத் தொடங்கவே பேனலின் மின்னழுத்தம் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். தொடங்கிய பின் குறைந்தது 1 வோல்ட்டாவது கூடுதலாக இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

மலிவான பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை எதையும் மாற்றித் தருவதில்லை. பேனலைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்து, நிரம்பும்போது விட்டுவிட்டு இணைக்கும். பேனலின் மின்னழுத்தம் பேட்டரியின் மட்டத்துக்கு இழுபட்டுவிடும். 37.5 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரும் 335 வாட் பேனலை 12 வோல்ட் பேட்டரியோடு இப்படி இணைத்தால், அதே 9 ஆம்பியர் 13 வோல்ட்டில் ஓடும். 117 வாட். வாங்கிய பேனலில் மூன்றில் இரண்டு பங்கை ஒவ்வொரு நாளும் வெயிலிலேயே விட்டுவிடுவதற்குச் சமம். இதில் 46 வோல்ட் வி.ஓ.சி. அந்தக் கண்ட்ரோலரின் உள்நுழைவு வரம்பைத் தாண்டவும் கூடும். 12 வோல்ட் பேட்டரியோடு இணைக்கும்போது 30 வோல்ட்கூடத் தாங்காதவை உண்டு. எளிய வீட்டுக்கு வாங்கும் எளிய பொருள்தானே என்று இதை அலட்சியமாக விற்பதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த மூன்றில் இரண்டு பங்கு, எளிய வீட்டுக்குத்தான் மிகவும் தேவை.

ஆக, கண்ட்ரோலரின் உள்நுழைவுக்கு மேலே ஒரு விளிம்பும் கீழே ஒரு விளிம்பும் இருக்கின்றன. மேல் விளிம்பை ஊரின் மிகக் குளிர்ந்த நாளோடு ஒப்பிட வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது திறந்த சுற்று மின்னழுத்தம். கீழ் விளிம்பை மிகச் சூடான நாளோடு ஒப்பிட வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது உச்சத் திறன் மின்னழுத்தம். தாளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். 41.5ஐப் பார்த்துவிட்டு இரண்டுக்கு 83தானே என்று மேல் வரம்பை முடிவுசெய்பவர்கள் நிறையப் பேர்.

நம் இரண்டு பேனலுக்குத் திரும்புவோம். பேட்டரி 24 வோல்ட் என்றால் இரண்டையும் பக்க இணைப்பில் கோத்துவிடலாம். மின்னழுத்தம் 49.5லேயே நிற்கும்; 100 வோல்ட் கண்ட்ரோலருக்கு எந்த ஆபத்தும் இல்லை. 70 டிகிரி வெப்பத்திலும் 35 வோல்ட் கிடைக்கும். பேட்டரிக்கு வேண்டிய 28.8க்கு அது போதும். விலை கம்பியில் இருக்கிறது. மின்னோட்டம் 26 ஆம்பியராக இரட்டிப்பதால், அதே கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும். மாடியிலிருந்து பேட்டரி இருக்கும் அறை வரை பத்துப் பதினைந்து மீட்டர் இழுக்க வேண்டியிருந்தால் தடித்த செம்புக் கம்பி வாங்கத்தான் வேண்டும். மெல்லிய கம்பிக்கு ஆசைப்பட்டுத்தான் பலரும் தொடர் இணைப்புக்குப் போகிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை, கண்ட்ரோலர் இடம் கொடுத்தால்.

பேட்டரி 48 வோல்ட் என்றால் பக்க இணைப்புக்கு இடமே இல்லை. முழுதாக ஏற்ற 57.6 வேண்டும், ஒரு பேனல் 41.5தான் தரும். இரண்டையும் தொடராகத்தான் கோக்க வேண்டும், கோத்தால் 100 வோல்ட் கண்ட்ரோலர் தாங்காது. 150 வோல்ட் கண்ட்ரோலர்தான் வழி. உதகையின் உறைபனியில் 106, லேயின் குளிர்காலத்தில் 111, கோடை வெப்பத்தில் 70. மூன்றும் வசதியாக உள்ளே அடங்குகின்றன. விலை வித்தியாசம் கொஞ்சம் இருக்கும். தாளில் உள்ள 99ஐ வைத்து, வரம்புக்குள் இன்னும் 51 வோல்ட் மிச்சம் இருக்கிறதே என்று அதில் மூன்றாவது பேனலையும் கோக்கத் தோன்றும். அது 148.5.

இணைக்கும் நாளில் முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரோடு சேர்க்க வேண்டும், பேனல் கடைசியில். பேட்டரி 12ஆ, 24ஆ, 48ஆ என்று பல கண்ட்ரோலர்கள் முதலில் காணும் மின்னழுத்தத்தை வைத்தே தீர்மானிக்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலைச் சேர்த்தால் தவறான முடிவுக்குப் போகும். பேனல் வரிசையின் இரண்டு முனைகளையும் கண்ட்ரோலரில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து அளந்து, கூட்டல் கழித்தல் முனைகளைச் சரிபார்த்து, எண் கணக்கோடு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேனலுக்கு 95 வர வேண்டிய இடத்தில் 143 வந்தால் யாரோ மூன்றைக் கோத்திருக்கிறார்கள். 48 வந்தால் பக்க இணைப்பில் போட்டிருக்கிறார்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ். முதலில் பேனல், அதுவும் நடுவில் உள்ள சுவிட்சை அணைத்த பிறகு. நேர்மின்னோட்டம் நம் வீட்டு மின்சாரத்தைப்போல் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதில்லை. மின்னோட்டம் ஓடும்போது செருகியைப் பிடுங்கினால் எழும் தீப்பொறி அணையாமல் நீண்டு எரியும்.

பின்னாளில் பேனலைக் கூட்ட வேண்டியிருந்தால், 150 வோல்ட் கண்ட்ரோலரில் இரண்டிரண்டாகத்தான் கூட்ட வேண்டும். தொடராகக் கோத்த ஒரு ஜோடி, அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி. மின்னழுத்தம் 99லேயே நிற்கும். மின்னோட்டம் மட்டும் இரட்டிக்கும். கண்ட்ரோலரின் ஆம்பியர் எண் அதற்குப் போதாவிட்டால், எடுக்க முடிந்ததை அது எடுத்துக்கொள்ளும். அதன் கையேட்டில் குறுக்குச் சுற்று மின்னோட்டத்துக்கென்று தனி வரம்பு இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.